முடிக்குள் ஒரு முயல்

ஊட்டியிலிருந்து நான் ஆசையாக வாங்கிவந்த அங்கோரா முயலின் கண் எங்கே, காது எங்கே என்று தேட வேண்டும், அத்தனை முடி. கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. எனக்கு ஒரே பெருமை.

சித்திரை வெயில் ஏறியதும் அது தீனியைத் தொடாமல், மூச்சு வாங்கியபடி சுருண்டுவிட்டது. பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார், முயலைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா, இந்த வெயில்ல கம்பளிய போத்தி வச்சிக்கினு இருக்கிற? கத்திரிச்சி வுடு.”

“ஐயோ, அழகே போயிடுங்க்கா!”

“அழகு உனக்கு. வேவறது அது.”

எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் முயலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஆட்டுக்கு முடி வெட்டும் கத்தரியால் பொறுமையாக வெட்டினார். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பெருச்சாளி மாதிரி ஒன்று எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, நேராகப் போய்க் கீரையைக் கடித்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர், “எங்கேம்மா அந்த அழகு முயலு?” என்று கேட்டார்.

“இதாங்க” என்றேன். அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. மூன்று மாதம் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த எனக்கே, அதன் கண் சிவப்பு என்பது முந்தின நாள்தான் தெரியும்.