ஊமைப்படத்தில் நாகேஸ்வரி பேசியது

புலம்பெயர்ந்து கிரவீன் பகுதியில் குடியேறிய கணேசலிங்கத்தாருக்கு மானம் பெரிது. அதைவிடப் பெரிது தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர் பதவி. ஐந்து சதம் பிசகாத மனிசன் என்று சனம் சொல்வதைக் கேட்பதற்காகவே எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாய்ப் போய்க் கதிரை அடுக்குவார். அப்பேர்ப்பட்டவர்தான் மனைவியின் தாலிக்கொடியை வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்து விற்று, கிரிப்டோவில் போட்டுத் தொலைத்துவிட்டு, அதே அச்சில் கவரிங் ஒன்று செய்து பெட்டகத்தில் வைத்திருந்தார். ஆருக்குத் தெரியப்போகிறது?

அந்த வருடக் கலைவிழாவுக்குக் கீர்த்தனன் என்ற பெடியன் ஊமைப்படம் எடுத்தான். கலைத்தாகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கும் தமிழ் வராது, கூட்டாளிகளுக்கும் வராது. பேச்சே இல்லாவிட்டால் பிழை ஏது? காசாசையில் கெட்ட கணவனாகக் கணேசலிங்கம். தாலிக்கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து அவரை மன்னிக்கும் பத்தினியாக அவருடைய மனைவி நாகேஸ்வரியே. நடிப்புக்குக் கவரிங் ஒன்று வாங்கினால் போதாதா என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். அசல்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார் மனைவி. வேறு வழியில்லாமல் அவரே பெட்டகத்துக்குப் போய்ப் பெட்டியோடு எடுத்துவந்தார்.

கமெரா ஓடியது. கொடியைக் கையில் எடுத்ததுமே நாகேஸ்வரிக்குக் கனம் காட்டிக்கொடுத்துவிட்டது. கணவரை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"என்ர தாலிக்கொடிய வித்துப்போட்டியளோ?"

கணேசலிங்கத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒன்றும் விளங்காத கீர்த்தனன், "சூப்பர் அன்ரி! அங்கிள், அமேசிங்!" என்று துள்ளினான்.

காரில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெளியே தெரிந்தால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். இனி வாய் திறக்கமாட்டேன் என்றார் நாகேஸ்வரி, சொன்னபடியே இருந்தார். கணேசலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படத்திலும் சத்தம் இல்லைத்தானே!

விழாவன்று மண்டபம் நிறைந்த சனம். திரையில் நாகேஸ்வரியின் முகம் சுவரளவுக்கு வந்து நின்று, வாயை அகலத் திறந்து, அந்தக் கேள்வியைக் கேட்டது. காது கேளாதவருக்கும் விளங்கியிருக்கும். அடுத்து எழுத்து வந்தது: 'உங்களை மன்னித்துவிட்டேன், நாதா.' மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு சங்கத்துக் காசு யாருடைய கையில் இருக்கிறது என்பது சிலருக்கு நினைவு வந்தது. அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

சிறந்த நடிகர் பரிசும் கணேசலிங்கத்துக்கே கிடைத்தது. மேடையில் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். நாகேஸ்வரி கிட்டப் போய் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"இதுவும் கவரிங்தான்," என்றார்.

மைக் பக்கத்திலேயே இருந்தது.