வார்னிஷ் போடாத காயில்

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்புக்கரசி கட்டிய காயில் எரிந்துபோனது என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்துக் காயவைத்துத்தான் தருவாள். அப்பேர்ப்பட்டவள் வானொலியில் பேச லைசென்ஸ் எடுத்து, பேசவும் கேட்கவும் தன் கையாலேயே ஒரு வானொலிப் பெட்டி செய்தால், அது பாவி, ஓரிடத்தில் நிற்க வேண்டாமா?

காலையில், பொழுதுபோக்குக்காகப் பெட்டி வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். அவளும் சரியான அலைவரிசையில்தான் தொடங்குவாள். கடையின் தகரக் கூரையில் வெயில் ஏறியதும் பெட்டிக்குள் அலைவரிசையை உண்டாக்கும் ஆசிலேட்டர் சூடாகி, அலைவரிசை நழுவிவிடும். கேட்பவர்களுக்கு அவள் பேச்சு வாத்து கத்துவதுபோல இருக்கும்.

ஒவ்வொருவராகப் பேசக் கூப்பிட்டுக் கூட்டத்தை நடத்துபவர் ஈரோட்டு பாலுசாமி. மகள் ஊருக்குப் போகவிருந்தார். "நீங்க வர்ற வரைக்கும் நான் நடத்தட்டுங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டாள் அன்புக்கரசி.

"நடத்தறவங்களைப் பாத்துத்தானுங்க அம்மணி மத்தவங்க டயலை வெக்கோணும். ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம் உங்க பெட்டி நகராம நிக்கட்டும். அப்பறம் பாக்கலாமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே சுருக்கென்று தைத்தது.

"கடையில விக்கிற செட்டை வாங்கிப்போட்டா தீந்துபோச்சு" என்றான் கணவன் கருப்புசாமி.

"நடத்துனா நான் செஞ்ச பெட்டியிலதான் நடத்துவேன். நீங்க சும்மாருங்க."

கெப்பாசிட்டர்களை மாற்றினாள். பெட்டியைச் சுற்றித் தெர்மோகோல் வைத்தாள். ஊஹூம், அசையாமல் நிற்கவில்லை. ஆசிலேட்டருக்குள் இருந்த காயிலின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. வார்னிஷில் முக்கி முக்கி எடுத்த காயில் அது, அதைப் போய்ச் சந்தேகப்படுவதா!

வெள்ளிக்கிழமை இன்னும் கெட்டியாக வார்னிஷில் முக்கி ஒரு காயில் போடலாமென்று பார்த்தால், கடையில் வார்னிஷ் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல், அதே அளவில் புதிதாகச் சுற்றிய காயிலை வெறுமனே கோத்து, பல்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றினாள். அலைவரிசை காட்டும் மீட்டரில் எண் லேசாக அசைந்ததோடு சரி. பழையதை மாட்டினாள். எண் பிடித்தது ஓட்டம்! அடக் கொடுமையே, மோட்டாரைக் காப்பாற்றும் வார்னிஷ்தான் இங்கே சூட்டில் மாறி அலைவரிசையை இழுத்திருக்கிறது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புதுக் காயிலை இறுக்கி நூலால் கட்டினாள். மிச்சமிருந்த நழுவலைச் சரிக்கட்ட, சூடானால் எதிர்ப்பக்கம் இழுக்கும் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தாள். மறுநாள் வார்னிஷ் டப்பா வந்தது. கை பரபரத்தது. திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூரை அடுப்பாய்க் காய்ந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாரும் பேசி முடித்தார்கள்.

"பாலுசாமி அண்ணா, நம்ம பெட்டி எப்படிங்க?"

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"மொதல்ல வெச்ச டயலுங்க அம்மணி. இந்நேரம் வரைக்கும் நான் கையே வெக்கலீங்க. நான் ஊருக்குப் போற வரைக்கும் எதுக்கு, இப்பவே இன்னொரு சுத்து நடத்துங்க."

அன்புக்கரசி மைக்கை அமுக்கினாள். "ஏனுங்க, ஈரோட்டு பாலுசாமி அண்ணா, மொதல்ல நீங்க வாங்க."