வெள்ளிக்கிழமை கேட்ட ஹோர்ன்

பள்ளிக்கூட ரீச்சர் வீட்டு மதிலை நெருங்கியதும் மீன்கார மாமாவின் கை ஹோர்னிலிருந்து எழும்பிவிடும். சைக்கிளில் பூட்டிய, கறுத்த இறப்பர் உருண்டை வைத்த ஹோர்ன். எங்கள் குறுகிய ஒழுங்கை முழுக்கக் காகங்கள் எழும்பிப் பறக்க அதை அமுக்கிக்கொண்டு வருகிறவர், அந்த ஒரு மதிலுக்கு மட்டும் சத்தம் காட்டமாட்டார். மதில் முடிந்ததும் மறுபடி பாம், பாம். ரீச்சர் மீன் சாப்பிடமாட்டார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

காரணம் ஒரு கொலை. நான் பிறக்க முன்னர், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த ரீச்சரின் கணவரை, வேலைக்குப் புறப்பட்ட காலையில் ஒழுங்கை திரும்பும் முடக்கில் யாரோ குத்திக் கொன்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த நேரம் முடக்கில் ஒரு ஹோர்ன் கேட்டதாக ரீச்சர் சொன்னார். ஹோர்ன் அடித்தவர் கொலையைக் கண்டிருக்கவேண்டும். ஹோர்ன் என்றால் மீன்காரர்தானே? விசாரித்த பொலிஸார் வெளியூர்க்காரர், நேரே மாமா இருந்த சாம்பல்தீவுக்குப் போய் அவரைக் கேட்டார்கள். "நான் அண்டைக்கு இந்தப் பக்கமே வரேல்ல" என்றார் அவர். கண்டும் பயத்தில் மறைக்கிறார் என்று பேச்சு நிலைத்துவிட்டது. ரீச்சர் அவரோடு கதைப்பதை விட்டார்.

பழைய வழக்கு என்றால் எனக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் இதைப் பிடித்துக்கொண்டேன். யார் அந்தச் சாட்சி? சீனன்குடாவுக்கு வேலைக்குப் போனவரா? வழி தவறிய லொறிச் சாரதியா? ஒருநாள் அம்மா, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்று அந்தக் கதையைத் தொடங்கினார். துள்ளி எழும்பினேன். எங்கள் ஒழுங்கையில் வெள்ளிக்கிழமை மீன்சட்டி அடுப்பேறாது. எந்த மீன்காரர் அங்கே வந்து ஹோர்ன் அடிப்பார்?

மாமாவிடம் ஓடினேன். செதில் ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்துச் சிரித்தார்.

"இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிக்கோணுமோ, மருமகன்? ஒழுங்கைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"ரீச்சரைப் போய்க் கேள்."

ரீச்சர் கதிரையைக் காட்டினார். அதில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஓம். வெள்ளிக்கிழமை எண்டு எனக்குத் தெரியாதோ? அண்டைக்கு வேலைக்குப் போக அவருக்கு மரக்கறிச் சோறு கட்டிக் குடுத்தனான்." வாசல் கேற்றைப் பார்த்தார். "மீன்காரர் இல்லையெண்டா வேற ஒருத்தரும் இல்லை, பிள்ளை. ஒருத்தரும் காணாம அவர் அங்க கிடந்தாரெண்டு நினைச்சுக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"பேசாம இரு. அவவுக்கு, கண்டதெண்டு ஒராள் வேணும். நான் இருந்திட்டுப் போறன்."

அப்படியே இருந்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அன்று ஹோர்ன் அடித்தது யார் என்று இப்போதும் ஊகித்துப் பார்க்கிறேன், எதுவும் பொருந்தவில்லை. மாமாவின் மகன் இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார், அதே பழைய ஹோர்னைப் பூட்டிக்கொண்டு. ரீச்சர் வீட்டு மதில் வந்ததும் அவருடைய கையும் எழும்புகிறது. கேற்றுக்குப் பின்னால் நின்று, அவர் முடக்கில் மறையும்வரை ரீச்சர் பார்க்கிறார்.