நான்கு பல்பு போதும்

தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமுக்கு எத்தனை விளக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான்தான். அப்போது அங்கே நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் கொதித்துக்கொண்டிருந்த காலம். யாராவது தீ வைத்துவிடுவார்கள் என்று பயந்து, அந்த அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு என்ன வழி என்று பேச்சு வந்தது. கணக்கில் புலி என்ற நினைப்பில் நான் முந்திக்கொண்டேன்.

நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம். சதுர அடிக்கு அரை வாட் போதும் என்று பக்கத்து மராமத்து ஆபீஸில் ஒருவர் சொன்னார். ஆக, நூறு வாட் பல்பு நான்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், நான்கும் வந்தன. காலி அறையில் எரியவிட்டுப் பார்த்தபோது தரையில் கிடந்த குண்டூசிகூடத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பிறகுதான், கொத்து வேலைக்காக வெளியே எடுத்திருந்த அலமாரிகளைத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் கூரையைத் தொடும் உயரம். வெளிச்சமெல்லாம் அலமாரிகளின் தலையில் விழுந்தது. நான் உட்கார்ந்து எழுத வேண்டிய சந்தில் பட்டப்பகலிலும் இருட்டு. இன்னும் ஆறு பல்பு கேட்டு எழுதினேன். 'நான்கு போதும் என்பது தங்கள் கணக்கு' என்று கோப்பு திரும்பி வந்தது. என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மாவின் வழக்கு வந்தது. அவர் கணவர் இறந்துபோயிருந்தார். கணவர் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, குத்தகையே கிடையாது என்று சொல்லி மிராசுதார் பிடுங்கப் பார்த்தார். எந்த நிலத்தை யார் உழுதார்கள் என்று பதியும் பழைய அடங்கல் கணக்கில் கணவர் பெயர் இருந்தால் நிலம் தங்கும். இல்லாவிட்டால் போகும். அதை எழுதும் ஊர்க் கணக்குப்பிள்ளைகளான அந்தக் காலத்துக் கர்ணங்கள் நிலக்காரர் பெயரை மையிலும், உழுகிறவர் பெயரைப் பென்சிலிலும் எழுதுவார்கள். வேண்டாதபோது அழித்துவிடலாம் அல்லவா?

நகல் எழுத நான் எடுத்த அந்த நிலத்துப் பக்கத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. காகிதம் பழுத்திருந்தது. டார்ச் அடித்தால் பென்சில் கோடு பளபளத்துக் கண்ணைக் கூச வைத்தது. முக்காலியில் ஏறிப் பல்புக்குக் கிட்டே பிடித்தாலும் அதே கதிதான். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

"ஒரு நிமிஷம் வெளிய வெயில்ல வச்சுப் பாத்துட்டு வந்துடுறேன் சார்" என்று தலைமைக் குமாஸ்தாவிடம் கெஞ்சினேன்.

"ரிக்கார்டு இந்த வாசப்படியத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. பக்கம் காணாமப் போனா யார் தலை உருளும்? தெரிஞ்சா எழுதுங்க, தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க."

'படிக்க இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அந்த அம்மாவுக்கு எதிராகத் தீர்ப்பு ஆனது.

கோடையில் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றார்கள். ஆர்டர் போட்டவர்களே ரிக்கார்டுக் கட்டுகளையெல்லாம் வராந்தாவில் இறக்கச் சொன்னார்கள். அந்த அடங்கலைத் தேடி எடுத்துப் புரட்டினேன். காலை வெயிலில் கணவர் பெயர், அவருடைய அப்பா பெயர், மூன்று மா, எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. தலைமைக் குமாஸ்தாவிடம் ஓடினேன்.

அவர் எழுந்துகூட வரவில்லை. "படிக்க முடியலன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப படிக்க முடியுதுன்னு சொன்னா முதல்ல உங்க வேலைதான் போவும். மேல்முறையீட்டுக் கெடுவும் முடிஞ்சு போச்சு. கட்டி வைங்க."

எனக்கு இரண்டு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அந்த அம்மா அன்றைக்கே, வராந்தாவில் கட்டுப் போட உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்றார். மடியில் பிரிந்து கிடந்த அடங்கலை மறைக்க எனக்குக் கை வரவில்லை.

"அவரு பேரு இதுல இருக்குதுங்களாய்யா?"

இருக்கும்மா என்று விரலால் காட்டினேன். படிக்கத் தெரியாதவர், குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொடுவதற்கு விரலைக் கொண்டுவந்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பென்சிலுங்களா? வேணாங்கய்யா, அழிஞ்சிடப் போவுது" என்றார்.

அந்த மூன்று மாவில் மிராசுதாரின் டிராக்டர் இறங்கி அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது.