குசினியில் தண்ணீர் குடிக்கிற சத்தம்

என் மனைவி போய்ச் சேர்ந்து முதல் வருஷத் திவசம் வருவதற்குச் சில மாதம் முந்தி, ஒரு மத்தியானம், குசினியில் யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். வெளியே மூடுபனி இறங்கி, எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலை இருந்த இடமே தெரியவில்லை.

நான் பயந்த ஆள் இல்லை. மீசை முளைக்கும் முன்னமே, மலை யாத்திரைக்குச் சனம் வருகிற நல்லதண்ணியில் சீசன் கடை போட்டு, கூடாரத்துக்குள் தனியாகப் படுத்துக் கம்பளித் தொப்பி விற்றவன். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் சிரிப்பேன். ஆனாலும் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

கடைசிக் காலத்தில் சீனி வியாதி அவளுடைய கிட்னியைத் தின்றுவிட்டது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானத்தில் நான் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து அவள் குசினிக்குப் போவாள். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, கையில் ஏந்தி, சத்தம் வராமல் குடிப்பாள். சத்தம் வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறக்க மாட்டேன். திரும்பி வந்து தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைப்பாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவளை எப்படித் திட்டுவது.

ஒருவழியாக எழுந்து போய்ப் பார்த்தேன். பூனை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிடந்த குட்டியை அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்து வளர்த்த பூனை. சட்டிக்குள் முகத்தை விட்டு, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. பின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. திருடும்போது பிடிபட்ட பார்வை. அதுவும் எனக்குப் பழக்கமான பார்வைதான்.

நான் படித்தது எங்கள் குடும்பம் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பைப்பும் குறடும். ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் துரைமார் பங்களாக்களில் என் கை படாத குழாய் இல்லை. இன்றைக்கு டவுனில் இரண்டு தட்டு ஹார்ட்வேர் கடை என்னுடையது. யாரும் தூக்கிவிடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூனைக்குச் சீனி என்று மிருக வைத்தியர் சொல்வதற்கு முன்னமே கண்டுபிடித்தவன் நான். அது மூத்திரம் பெய்த மூலையில் எறும்பு மொய்த்திருந்தது. என் மனைவிக்கு வந்ததையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய், "சீனி பாருங்க" என்று நான்தான் சொன்னேன். அந்த டாக்டர், நம்முடைய தமிழை நன்றாகப் பேசுகிற சிங்களப் பெண்பிள்ளை, இரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

முதலில் எழுதிக் கொடுத்தது பால் மாதிரிக் கலங்கின இன்சுலின். என் மனைவி போட்ட அதே ஜாதி. எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கண் மங்கின பிறகு காலையிலும் மாலையிலும் போட்டுவிட்டது நான்தான். நர்ஸ் மிஸ்ஸிகூட இப்படி வலிக்காமல் போட மாட்டாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, ஊசியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சோறு. ஊசி முந்தி, சோறு பிந்தி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன முறை அது. பூனைக்கும் அப்படியே செய்தேன்.

ஆனால் அந்த மருந்து பூனைக்கு ஒத்துவரவில்லை. சீனி ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. பிள்ளைகளிடம் போனில் சொன்னால், வயதான பூனைதானே அப்பா, வேதனைப்படாமல் போக ஒரு ஊசி இருக்கிறதாமே என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன். அந்த வீட்டில் அவள் கை பட்டு வளர்ந்து, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வர என்னால் முடியாது.

டாக்டர் மருந்தை மாற்றியது. புது இன்சுலின் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. உருட்டத் தேவையில்லை, கலங்கினால் வீசிவிட வேண்டும் என்றது. மெதுவாக வேலை செய்து நெடுநேரம் நிற்குமாம். சிரிஞ்சில் ஒரே ஒரு கோடு அளவு. காது ஓரத்தில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை மெஷினில் வைத்துச் சீனி பார்க்கக் கற்றுக்கொடுத்தது. தள்ளாடினால், நடுங்கினால், பல்லடி முரசில் இனிப்பு எதையாவது தடவிவிட்டு ஓடிவரச் சொன்னது. வாசல்வரைக்கும் வந்து கடைசியாக ஒன்று சொன்னது.

"முதல்ல சாப்பாடு ஐயா. அது சாப்பிட்டத கண்ணால பாத்த பொறகுதான் ஊசி. மாத்திறாதீங்க."

சரி சரி என்று தலையாட்டினேன். ஊசியில் எனக்கு இருக்கிற கைப்பழக்கம் இந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை போத்தலை எடுத்ததும் என் கை தானாக உருட்ட ஆரம்பித்தது. தேவையில்லை என்று தெரியும். நிறுத்த முடியவில்லை. உருட்டும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், மோதிரத்தில் கண்ணாடி உரசுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டுவாள். இப்போது அந்தச் சத்தத்துக்குப் பூனை வந்து என் காலடியில் உட்கார்ந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பிரம்பு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடரித் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டேன். அது அசையவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த வாரத்திலேயே திவசம் வந்தது. பூண்டுலோயாவிலிருந்து கொழுந்தியா முதல் நாளே வந்துவிட்டாள். என் மனைவிக்கு நேர் இளையவள். ஆயுசு முழுக்க மலையில் கொழுந்து எடுத்தவள், வாய் அதைவிட வேகம். வந்ததும் குசினியைக் கழுவி, பூனைக்கு அவித்து வைத்திருந்த மீனைக் கவுச்சி என்று வெளியே கொட்டினாள். நான் சிரிஞ்சை எடுப்பதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பூனைக்கு ஊசி போடுற மொதலாளிய இப்பத்தான் பாக்குறேன். அக்காவுக்குப் போட்டுப் பழகுன கை, சும்மா இருக்க மாட்டேங்குதாக்கும்."

"ஒனக்கும் சீனி வந்தா சொல்லு புள்ள, போட்டு விடுறேன்" என்றேன். சிரித்தாள். பிறகு அக்காவின் படத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அன்று மாலை மீனுக்குப் பதில் பால்சோறு வைத்தாள். பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் திவசத்தன்று காக்கை எடுக்கும்வரை யாருடைய வாயிலும் சோறு படாது. தோட்டத்தில் ஒரே காம்பரா அறையில் எட்டுப் பேர் இருந்த காலத்திலும் என் அப்பா அதை விட்டதில்லை. நான் மாடி வீடு கட்டின பிறகும் விட்டதில்லை. விடியற்காலையில் பழக்கப்படி பூனைக்கு ஊசியைப் போட்டேன். ஊசி முந்தி, சோறு பிந்தி. சோறு என்றால் படையல் முடிந்த பிறகு.

கொழுந்தியா படத்துக்கு முன்னால் இலை போட்டாள். சோறு, பருப்பு, வாழைக்காய், பாயாசம். இலையின் ஓரத்தில் தயிரும், கித்துள் மரத்துப் பதனீர் காய்ச்சின பாணியும். அது நான் சொல்லி வைத்தது. தயிரில் பாணியை ஊற்றிச் சாப்பிட என் மனைவிக்கு அவ்வளவு ஆசை. சீனி வந்த பிறகு அவள் கண்ணில்கூடக் காட்டாமல் வைத்திருந்தோம். இனி என்ன, நன்றாகச் சாப்பிடட்டும் என்று போத்தலைக் கவிழ்த்து ஊற்றச் சொன்னேன்.

பிறகு ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு மேலே போய், நானே பூட்டின தண்ணீர் டாங்கியின் மூடியில் வைத்துக் கூப்பிட்டேன். பனி முகத்தில் ஒட்டியது. டவுன் பக்கம் பஸ் ஹார்ன் கேட்டது, பஸ் தெரியவில்லை. காக்கைச் சத்தம் எங்கேயும் இல்லை. காக்கை இல்லாத நாள் ஹட்டனில் உண்டா. அன்றைக்கு இல்லை. நான் கூப்பிட்ட சத்தம் பனிக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. கீழே வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்க் கூப்பிட்டேன். கொழுந்தியாவும் வந்து கூப்பிட்டாள்.

"அக்காவுக்குக் கோவம் போல" என்றாள் மெதுவாக. அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பனிக்குள் பொழுது போனதே தெரியவில்லை. கீழே இறங்கி வந்தபோது பூனை கூடத்தில் நடந்து வந்துகொண்டிருந்தது. குடித்தவன் நடப்பது போல. பின்னங்கால்கள் ஒரு பக்கமாக இழுத்தன. நேரே படத்தை நோக்கிப் போய், இலைக்கு முன்னால் சரிந்து விழுந்தது. கண் பெரிதாகத் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தாடை வெட்டி வெட்டி இழுத்தது.

சீனி இறங்கிவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. மருந்து உள்ளே வேலை செய்கிறது, வயிறு நேற்றிலிருந்து காலி. குசினியில் சீனி டப்பா இருந்தது. சத்தியமாக அது எனக்கு நினைவே வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது அவளுடைய இலை. பாணிக்குள் விரலை வைத்தேன்.

"தொடாதீங்க அத்தான்" என்றாள் கொழுந்தியா. "அக்கா இன்னும் சாப்பிடல."

"அவ வந்தா நான் சொல்லிக்கிறேன்."

பூனையின் வாய் ஓரத்தை விலக்கி முரசில் தடவினேன். மறுபடி இலையில் தொட்டு மறுபடி தடவினேன். கொழுந்தியா வந்து உட்கார்ந்து, பூனையைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி, தலையை நிமிர்த்திப் பிடித்தாள். அவள் பிடித்த பிடி அப்படியே அக்கா பிடிக்கிற பிடி. நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் யார் இருப்பார்களோ என்று இருந்தது.

நாக்கு அசைந்தது. என் விரலை ஒரு தரம் நக்கியது. இன்னொரு தரம். பிறகு விழுங்கியது.

டாக்டருக்குப் போன் போட்டு, ஆட்டோ பிடித்து, பனிக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு போனோம். அங்கே ஊசியில் குளுக்கோஸ் ஏற்றி, வெகுநேரம் வைத்திருந்து பார்த்தார்கள். நடந்ததை எல்லாம் நான் மறைக்காமல் சொன்னேன், படையலையும் காக்கையையும்கூட. டாக்டர் கோபப்படும் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஐயா, நீங்க மனுசருக்குப் போட்ட மாதிரிப் போட்டிருக்கீங்க" என்றது. "இது பூனை."

எந்தத் துரைக்கும் பதில் சொன்ன வாயால் சரி என்றேன்.

சாயங்கால ஊசி வேண்டாம், நாளைக்குச் சீனி பார்த்துவிட்டு அரைக் கோடு அளவில் மறுபடி தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பியது. திரும்பி வந்தபோது படத்துக்கு முன்னால் இலை அப்படியே இருந்தது. பாணியில் என் விரல் உழுத தடம் கலையாமல் கிடந்தது. மேலே போய்ப் பார்த்தேன். டாங்கி மூடியில் சோறு பனியில் நனைந்து கிடந்தது, ஒரு பருக்கை குறையவில்லை. இறங்கி வந்தால், கொழுந்தியா எனக்கு இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க அத்தான். எடுத்தாச்சு."

யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது முதலில் மீன். பூனை தின்று முடித்து வாயை நக்கும்வரை நான் குந்தியிருந்து பார்க்கிறேன். பிறகுதான் ஊசி. போத்தலை உருட்டுவதை நிறுத்திவிட்டேன், அதனால் பூனை நாற்காலியைப் பார்ப்பதும் நின்றுவிட்டது. மெஷினில் எண் இறங்கி ஒரே சீராக நிற்கிறது. முதுகில் சதை பிடித்திருக்கிறது. தண்ணீர் குடிப்பது குறைந்ததா என்று டாக்டர் கேட்டது. ஆமாம், சட்டியில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது என்றேன். அப்படியென்றால் மருந்து பிடித்துவிட்டது என்று அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து மத்தியானத்தில் கண்ணை மூடினால், குசினி செத்துப்போன மாதிரி இருந்தது.

போன வாரம் அதே மாதிரிப் பனி. பூனை என் மடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது, அதன் சூடு வேட்டிக்குள் இறங்கியது. அப்போது குசினியில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் கேட்காமல் குடிப்பது போல. பூனையின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

குழாயில் ரப்பர் வாசர் தேய்ந்து சொட்டும் என்று கொழுந்தியா போனில் சொன்னாள். இருக்கலாம். இந்த ஜில்லாவில் எத்தனையோ வீட்டில் வாசர் மாற்றினவன் நான். கடையில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஒன்றை எடுத்துவந்து மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

நான் மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.