சிஜினே சொன்னான்

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோகும். மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பாலுக்குப் பதில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். கால்பந்து சீசனும் அதற்குள் முடிந்திருக்கும். ஆக, செல்வதாஸுக்குக் கையில் கத்தியும் கிடையாது, பார்க்க மேட்சும் கிடையாது. ராஜையன் சாயக்கடை பெஞ்சு மட்டும் உண்டு. அந்த மழை நாட்களில்தான் அந்தப் பெஞ்சில் அவன் பெரிய மனிதன்.

மற்ற நாட்களில் அவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்குப் போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, வெயில் ஏறும்போது புளித்த பால் வாடையோடு திரும்புகிற ஒருவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இளவட்டமாக இருந்தபோது, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் கோலுக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்றிருக்கிறான். பெயர் சொல்லி யாரும் கைதட்டியதில்லை. சவூதிக்கு லாரி ஓட்டப் போனான், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டான். மனைவி ஜின்சி தையல் மிஷினை விட்டு எழும்பாமலே சொல்வாள்: "வீட்டுக்கு என்ன வாங்கணும்னு இவருக்கு ஓர்மை இருக்காது. எந்த டீமு யாரை வாங்குதுன்னா ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு."

உண்மைதான். வேணாடு எப்.சி. யாரை விடப்போகிறது, யாரை எடுக்கப்போகிறது என்பதை கிளப்பு அறிவிக்கும் முன்பே அவன் சொல்லிவிடுவான். எந்த ஆட்டக்காரன் இன்ஸ்டாகிராமில் பழைய டீமின் பெயரை அழித்திருக்கிறான், கிளப்பின் பிசியோ யாருடைய படத்துக்கு ஹார்ட் போட்டிருக்கிறார் என்று நோண்டி நோண்டிக் கோத்தெடுப்பான். சிலது அப்படியே பலித்திருக்கிறது. "தாஸண்ணன் சொல்லியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஊர்ப் பையன்கள் எதையும் நம்பினார்கள்.

அன்றைக்குப் பேச்சு, இடது பக்கம் காக்கிற லெஃப்ட் பேக்கைப் பற்றி. போன சீசனில் வேணாடு வாங்கிய கோல்களில் பாதி அந்த வழியாக வந்தவைதான்.

"லெஃப்ட் பேக்கா மக்கா அது? தொறந்து போட்ட கேட்டு," என்றார் ராஜையன், சாயாவை ஆற்றிக்கொண்டே. "எனக்க பசுவ விட்டாக்கூட கோலடிச்சிட்டு வந்து நிக்கும்."

"அவனை விட்டாச்சாம். இனி யாரு?" என்றான் விபின். ஆட்டோ ஓட்டுகிறவன், நாக்கில் முள் உள்ளவன்.

செல்வதாஸ் ஒரு மடக்கு குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "நம்ம சிஜின்."

பெஞ்சு மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. சிஜின் இவர்கள் சர்ச்சுச் சபைப் பையன். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பூங்கனியின் ஒரே மகன். தகப்பன் இல்லை. வடக்கே எங்கேயோ இரண்டாம் டிவிஷன் டீமில் ஆடிக்கொண்டிருந்தான்.

"எப்பிடிச் சொல்லுதிய?"

"பழைய டீமுக்க பேரை அழிச்சிட்டான். நேத்து ஒரு படம் போட்டிருக்கான் பாரு, அவனுக்குப் பொறத்த தெரியது வேணாட்டுக்காரனுவளுக்க கிரவுண்டுப் படிக்கெட்டு. பொறவு என்ன வேணும்?"

"படிக்கெட்டு!" விபின் தொடையில் அடித்துச் சிரித்தான். "போன வருசம் ஒரு பிரேசிலுகாரன் பிளைட்டு ஏறியாச்சுன்னு சொன்னிய. அவன் இன்னும் எறங்கல்ல கேட்டியளா. மேலயே சுத்திட்டு கெடக்கான்."

பெஞ்சு குலுங்கியது. ராஜையனும் சிரித்தார். செல்வதாஸின் காது மடல்கள் சுட்டன. முந்தின நாள் அவன் சிஜினுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: மக்கா, வேணாடு எப்.சி.யா? சிஜின் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

"சிஜினே எனக்கிட்ட சொன்னான்," என்றான் செல்வதாஸ். "ஒப்புப் போட்டாச்சாம். இப்பம் வெளிய விடாதீங்க அண்ணான்னான்."

சிரிப்பு நின்றது. "அவனே சொன்னானா? அப்பம் சரி," என்று விபின் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். பொய் என்று செல்வதாஸுக்குத் தோன்றவில்லை. நாளைக்கு உண்மையாகப் போவதைக் கொஞ்சம் முந்திச் சொன்னதாகத்தான் தோன்றியது.

சாயங்காலம் அண்டியாபீஸ் விட்டு வந்த பூங்கனி அவனை ரோட்டில் மறித்தாள். முந்திரிப்பால் பட்டுப் பட்டு அவளுடைய விரல்நுனிகள் கறுத்திருந்தன.

"பிள்ளே தாஸு, உள்ளதா? எனக்க மொவன் ஒனக்கிட்ட சொன்னானா?"

அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளே எங்கேயோ ஒரு கீறலும் இருந்தது. "பெத்தவகிட்ட சொல்லல்ல பாரு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'இல்ல மாமி, நானா ஊகிச்சது.' ஆனால் சாயக்கடை எதிரில்தான் இருந்தது. பெஞ்சு பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு சர்ப்ரைசா இருக்கட்டும்னு நெனச்சிருப்பான் மாமி."

"ஓகோ. வரட்டும். போன் விளிக்கட்டும், நான் மிண்டினாத்தானே," என்று செல்லக் கோபத்தோடு சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பாதி முடிந்திருக்கும்போது சிஜின் உள்ளே வந்தான். பஸ்ஸை விட்டு நேரே வந்தவன்போலத் தோளில் பை. கடைசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தான். ஒரு காலை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டான். திரும்பிப் பார்த்த செல்வதாஸுக்கு அந்தக் கால் மட்டும் கண்ணில் பட்டது.

ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் காரணத்தையும் செயலாளர் வாசிக்கத் தொடங்கினார். ஒரு வீடு பால் காய்ச்சியதற்கு, ஒரு சுகப்பிரசவத்துக்கு. பிறகு: "பூங்கனி அம்மாள், தமது மகன் சிஜினுக்கு வேணாடு கால்பந்து அணியில் இடம் கிடைத்த நன்மைக்காக."

தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. பெண்கள் பக்கத்திலிருந்து பூங்கனியும் திரும்பினாள். அப்போதுதான் மகன் வந்திருப்பதைக் கண்டாள். கோபமெல்லாம் எங்கே போனதோ, வாய் கொள்ளாத சிரிப்பு. சிஜின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் எல்லாருக்கும் கையைக் கொடுத்தான். கூட்டம் கரைந்ததும், பைக்கைத் தள்ளிக்கொண்டு நழுவப் பார்த்த செல்வதாஸின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். செல்வதாஸ் பைக்கின் ஸ்டாண்டைக் காலால் தேடினான்.

"வேணாட்டு மெடிக்கல் டெஸ்டில கால்முட்டு காட்டிக்குடுத்துட்டு. ஜவ்வு போச்சாம், ஆபரேசன் செய்யணுமாம். வேண்டாம்னு விட்டாச்சு. லாட்ஜில கெடந்து அம்மைய விளிச்சேன் அண்ணா. நாளும் விளிச்சேன். போனை எடுக்கல்ல. அம்மைக்கு என்னமோ ஆச்சுன்னு பயந்து ஓடி வந்தேன்."

நான் மிண்டினாத்தானே. அவள் சேலையை உதறிக்கொண்டு போனது செல்வதாஸின் கண்முன் வந்தது. மன்னிச்சிடு மக்கா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பூங்கனி வந்துவிட்டாள். "வாடேய் பெரிய பிளேயரே," என்று மகனின் முழங்கையைப் பிடித்து, ஊர் பார்க்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமைக்குள், வேணாடு சிஜினை எடுக்கவில்லை என்பது பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

"முட்டு போனவன், ஒப்புப் போட்டேன்னு புளுகியிருக்கான் பாருங்க," என்றார் ராஜையன். "சபையில காணிக்கை வாசிக்கியது வரைக்கும் கொண்டுபோயிட்டானே."

"தாஸண்ணா, ஒங்க பேருல தப்பில்ல," என்றான் விபின். பரிகாசமே இல்லை. "அவன் சொன்னதைத்தானே நீங்க சொன்னிய?"

அவனைக் காப்பாற்ற ஒரு பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. செல்வதாஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பிறகு, சாயாவைக் குடிக்காமல் எழுந்து மழையில் இறங்கினான்.

அண்டியாபீஸ் வாசலில் போய் நின்றான். சோற்று நேரத்துக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். பூங்கனி அவனைக் கண்டதும் வேகமாக வந்து தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"என்னத்துக்கு மக்கா நனையுதே? அவன் எல்லாம் சொன்னான். ஒப்புப் போட்டேன்னு ஒனக்கிட்ட பொய் சொல்லிட்டானாம். சின்னப் பய, வெக்கத்தில சொல்லியிருப்பான். நீ மனசில வைக்காதே."

சிஜின் அதையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

செல்வதாஸ் குடையை விட்டு விலகினான். "மாமி, அவன் சொல்லல்ல. அவன் எனக்கிட்ட மிண்டவே இல்ல. பொய் சொன்னது நானாக்கும்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு மிகவும் மெல்லக் கேட்டாள்: "அப்பம், அவன் நாளும் விளிச்சது?"

"முட்டு போச்சுன்னு ஒங்ககிட்ட சொல்லத்தான் மாமி."

திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான். திட்டினால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவள் திட்டவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு பிள்ளே, நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள். குடையைச் சாய்த்துப் பிடித்தபடி மகன் இருக்கும் பக்கமாக, ஏறக்குறைய ஓடினாள். இவன் பக்கம் திரும்பவில்லை.

அவன் சாயக்கடைக்கு வந்தபோது மழை இன்னும் வலுத்திருந்தது. தகரக் கூரையில் கல் கொட்டுவதுபோலச் சத்தம். "வாங்கண்ணா," என்று விபின் நகர்ந்து இடம் விட்டான். "ஸ்டிரைக்கரு யாரு? நீங்க சொன்னாத்தான் இஞ்ச செல்லும்."

செல்வதாஸ் உட்காரவில்லை. "சிஜின் எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல," என்றான்.

"என்னண்ணா?" விபின் காதருகில் கையை வைத்துக்கொண்டான். ராஜையனும் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார். கூரைச் சத்தத்தில் யாருக்கும் விழவில்லை. அதையே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.