இரவுக்கு நீலம், பின்னேரத்துக்குப் பச்சை

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊழியர் யார் எந்த நேரம் வரவேண்டும் என்பதை வாராவாரம் தலைமைத் தாதியான மேற்றன் எக்செலில் போடுவார். அதை அச்சடித்துப் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு. காலைக்கு இளமஞ்சள், பின்னேரத்துக்குப் பச்சை, இரவுக்குக் கடும் நீலம் என்று மேற்றன் ஆசையோடு தெரிந்தெடுத்த நிறங்கள். திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்கள் பிரின்டரில் கறுப்பு மை மட்டுமே இருந்தது.

குருநகரிலிருந்து வருகிற அக்கா ஒருவர் வார்டில் உதவியாளராக இருந்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவர்தான். யாருக்கும் முகம் சுளிக்க மாட்டார். அவர் ஒருநாள் பின்னேரம் வந்து நின்றார்.

"உங்களுக்கு இண்டைக்கு இரவு வேலையெல்லோ?" என்றார் மேற்றன்.

"பின்னேரம் எண்டுதானே போட்டுக் கிடந்தது."

அதற்கு முந்திய வாரமும் அக்கா பின்னேரம் வரவேண்டிய ஒருநாள் வராமல் விட்டிருந்தார். "இனி ஒருக்கால் இப்பிடி நடந்தால் நான் மேலை சொல்லத்தான் வேணும்" என்று மேற்றன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா பலகைக்கு முன்னால் நிற்கக் கண்டேன். மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போயிருந்தார். பிறகு அந்த வழியால் போன தாதி ஒருத்தியை மறித்து, "பிள்ளை, கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன். எனக்கு என்ன போட்டிருக்கெண்டு பாரன்" என்றார். அக்கா கண்ணாடி போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை.

தாதி போனதும் மெல்லக் கேட்டேன்: "அக்கா, கண் தெரியேல்லையோ?"

"சத்தம் போடாதை தம்பி. ரெண்டு கண்ணிலையும் பனிப்புகார் மூடின மாதிரி மங்கலாக் கிடக்கு. தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம். படுக்கை விரிக்க எனக்குக் கை காணும். நீ ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை."

அவர் போன பிறகு நானும் தாளைக் கிட்டப் பார்த்தேன். பச்சையும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாக விழுந்திருந்தன. கட்டத்துக்குள் 'பி', 'இ' என்று இருந்த ஒற்றை எழுத்தும் மங்கிக் கிடந்தது. எனக்கே கண்ணை இடுக்கித்தான் வாசிக்க முடிந்தது. பிழை முழுவதும் அக்காவின் கண்ணில் இல்லை.

மேற்றனிடம் நிறத்தை மாற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை. திரையில் அவர் நிறங்கள் அப்படியே இருக்கவேண்டும், தாளில் மட்டும் மாறவேண்டும். ஒவ்வொரு கட்டமாகக் கையால் மாற்றினால் அரைநாள் போய்விடும். மாக்ரோ எழுதி வைத்தால் ஒரு பொத்தானில் கணினியே எல்லாவற்றையும் மாற்றும் என்று வீடியோ ஒன்றில் பார்த்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதைப் பழகினேன். பின்னணி வெள்ளை, எழுத்துக் கறுப்பு, அளவு பெரிது, 'இ' இருக்கும் இடத்தில் 'இரவு' என்று முழுச்சொல்.

பொத்தானை அமத்தினேன். எல்லாம் பளிச்சென்று மாறியது. சந்தோஷத்தில் சேமித்தும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் மேற்றனின் குரல் கேட்டது.

"தம்பி! என்ரை நிறமெல்லாம் எங்கை போட்டுது?"

மாக்ரோ செய்ததைப் பழையபடி மீட்கப் பார்த்தேன், முடியவில்லை. மேற்றன் பக்கத்தில் நின்று "உது பச்சை, அது நீலம்" என்று சொல்லச் சொல்ல, பின்னேரம் முழுக்க இருந்து நிறம் பூசினேன். அதன்பிறகுதான் புத்தி வந்தது. முதலில் எக்செல் தாளின் பிரதி ஒன்றை எடுத்து, அதை மட்டும் மாற்றி, அச்சடித்ததும் அந்தப் பிரதியை அழித்துவிடும்படி திருத்தி எழுதினேன்.

புதிய தாளை ஒட்டியபோது மேற்றன் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வாசித்தார். "இது நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா இரண்டடி தள்ளி நின்றே தன் வரியைக் கண்டுபிடித்தார்.

"உது எனக்காகச் செய்தனியோ?"

"இல்லை அக்கா, எல்லாருக்கும்தான்."

அவர் நம்பவில்லை. என் தோளில் தட்டிவிட்டு வார்டுக்குப் போனார்.

பிறகு அவர் ஒரு பிழையும் விடவில்லை. ஆனால் கண்ணை மூடிய புகார் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் அவராகவே மேற்றனிடம் போய்ச் சொல்லிவிட்டார். நான் பயந்துகொண்டு கதவடியில் நின்றேன்.

"இதுக்கோ இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்?" என்றார் மேற்றன். "கற்றாக்ற், கண்புரை எண்டால் வெட்டி எடுத்தால் சரி. வேலை எங்கையும் போகாது. போய் வெட்டிப்போட்டு வாங்கோ." அன்றைக்கே கண் வைத்தியரிடம் நாள் குறிக்கவும் சொன்னார்.

ஒவ்வொரு கண்ணாகப் புரை வெட்டி முடிய அக்கா திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அலுவலக வாசலில் நின்று என்னைக் கனநேரம் பார்த்தார்.

"தம்பி, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சோ?" என்றார். "நான் உன்னைச் சின்னப் பொடியன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த மேற்றனும் சேர்ந்து சிரித்தார்.